நாற்பத்து நான்கு என்கிற பையன்

1.

இந்தக் கதை எனக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு லைல், புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தா சம்பந்தமில்லாமல் சொன்னார்: "நான் ஒரு தடவை இல்லாத ஒருத்தனைப் பத்தி அறிக்கை எழுதிட்டேன்ப்பா. என் சர்வீஸ்லயே அதுதான் நல்ல அறிக்கை." சொல்லிவிட்டு இயந்திரத்தை மறுபடி முடுக்கிவிட்டார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை.

இல்லாத ஆட்களைப் பற்றி எழுதுவதுதான் எனக்கும் பிழைப்பு. அதற்காக யாரும் என்னை வேலையைவிட்டுத் தூக்கியதில்லை. (வேலை கொடுத்ததும் இல்லை.) லைலின் நிலைமை வேறு. அவர் ஒரு தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்கவுட். ஸ்கவுட் என்றதும் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு கயிற்றில் முடிச்சுப் போடுகிற சாரணர் உங்கள் நினைவுக்கு வந்தால் அவரை அனுப்பிவிடுங்கள். இவர் ஊர் ஊராகப் போய்க் கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுப்பவர். வருஷத்தில் முக்கால்வாசி வீட்டில் இருக்கமாட்டார். இருக்கும் நாட்களில் புல் வெட்டுவார்.

கதையில் வரப்போகிறவர் லைல் இல்லை. லைலின் முழங்கால் வலி, இன்னொரு ஸ்கவுட்டின் வழுக்கை, மூன்றாமவரின் மனைவி. இவற்றைச் சேர்த்து ஒட்டி ஒரு ஆளைச் செய்திருக்கிறேன். பெயர் டுவெய்ன் ப்ரோகோப். நான் குடியிருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்தான். இனி அவரை லைல் என்று யாரும் நினைக்கக் கூடாது. முக்கியமாக லைல்.

2. கைவிட்ட தொடக்கங்கள்

(அ) "பனி பெய்துகொண்டிருந்தது." வேண்டாம். கதை தொடங்கும் தெற்கு டகோடா மாநிலத்தில் பனி பெய்யாவிட்டால்தான் செய்தி.

(ஆ) "டுவெய்ன் ப்ரோகோப் தன் வாழ்நாளில் பல்லாயிரம் வாலிபர்களின் பின்பக்கத்தைப் பார்த்து எடைபோட்டவர்." இது சத்தியமான உண்மை. இந்தத் தொழிலில் முதலில் பார்ப்பது அதைத்தான். இடுப்புக்குக் கீழே பலம் இல்லாதவன் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளுபடி. ஆனாலும் ஒரு கதையை அங்கிருந்து தொடங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

(இ) "லைன்பேக்கர் என்பவன் யாரென்றால்—"

இது பாடப்புத்தகம். இருந்தாலும் இது தெரியாமல் மேலே போக முடியாது, ஆகவே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.* அப்புறம் நான் இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

[* எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவரும். அதைத் தடுக்க முன்வரிசையில் மலைபோல நான்கைந்து பேர் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, நிமிர்ந்து, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பவன் லைன்பேக்கர். பந்து எந்தப் பக்கம் வரும் என்று வருவதற்கு முன்பே அவன் ஊகிக்க வேண்டும். ஊகித்து ஓடி, வருகிறவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ள வேண்டும். ஊகம் தப்பினால் அரங்கம் முழுக்க அவன் பெயரைச் சொல்லித் திட்டும். ஸ்கவுட்டின் வேலையும் கிட்டத்தட்ட இதுதான், கட்டிப்பிடிப்பது மட்டும் கிடையாது.]

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆளெடுப்பு நடக்கும். நம் ஊர் கிரிக்கெட் ஏலம் மாதிரி இல்லை, யாரும் விலை கேட்கமாட்டார்கள். அணிகள் வரிசையாக, சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு பெயராகச் சொல்லி எடுத்துக்கொள்ளும். முன் சுற்றில் வருகிறவனிடம் எதிர்பார்ப்பும் அதிகம். போன வருஷம் மிகக் கேவலமாகத் தோற்ற அணிக்கு முதல் பெயர். ப்ரோகோப்பின் அணி பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பெயர் சொல்லிவிடும் நிலையில்தான் இருந்தது.

3.

சரி, இப்படித் தொடங்குகிறேன்.

டுவெய்ன் ப்ரோகோப் காதல்வயப்பட்டது சூ ஃபால்ஸ் நகரத்து நெடுஞ்சாலை விடுதி ஒன்றின் காலைச் சாப்பாட்டு அறையில். எதிரே மடிக்கணினி. பக்கத்தில் தானே மாவு ஊற்றிச் சுட்டுக்கொண்ட வாஃபிள். கெஸ்லர் ஸ்டேட் என்கிற சின்னக் கல்லூரிக்குப் போக வேண்டியவர், பனியால் சாலையை மூடிவிட்டார்கள் என்பதால் அங்கேயே மாட்டிக்கொண்டு, அந்தக் கல்லூரி ஆடிய ஆட்டங்களைப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்து நான்காம் எண் சட்டை போட்ட பையன் திரையில் வந்தான். ப்ரோகோப் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முள்கரண்டியைக் கீழே வைப்பது அபூர்வம்.

அன்று மதியத்துக்குள் எல்லா ஆட்டங்களையும் பார்த்து முடித்துவிட்டு அறிக்கையை எழுதினார். அதிலிருந்து சில வரிகளைத் தருகிறேன்:

"எண் 44, மார்கீஸ் கில்யார்ட். வெயில் அடித்த ஆட்டத்தில் இவனுக்கு அவசரமே இல்லை. எல்லோரும் ஏமாந்து ஒரு பக்கம் ஓட, இவன் மட்டும் நின்று, பார்த்து, பிறகு நடந்தே போய்ப் பந்தைச் சந்திக்கிறான். பனி ஆட்டத்தில் வேறு மாதிரி. இவன் மோதும் சத்தம் காதில் விழுகிறது. (படத்தில் ஒலி கிடையாது.) மழை ஆட்டத்தில் அடிக்கடி விழுகிறான், ஆனால் விழுந்தவர்களில் முதலில் எழுந்தவன் எப்போதும் இவன்தான். எழுந்து, தன்னைத் தள்ளியவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பந்துக்குப் பின்னால் ஓடுகிறான். ஆட்டத்துக்கு ஆட்டம் தன்னையே மாற்றிக்கொள்ளும் இப்படிப்பட்ட ஒரு புத்தியை நான் கண்டதில்லை. ஒரே ஒரு குறை: ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கைக்குள் வந்தவனை நழுவவிட்டான். அதுவும் இல்லாவிட்டால் இவன் மனிதப் பிறவி இல்லை. பக்கத்தில் ஆடும் 53 ஒரு சுமை. அவனுடைய வேலையையும் 44 சேர்த்துச் செய்கிறான்."

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இவ்வளவு உயிருள்ள ஒரு பாத்திரத்தை நான் இதுவரை எழுதியதில்லை.

3. (மறுபடியும், ஏனென்றால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்)

ப்ரோகோப் ஏன் இப்படி விழுந்தார் என்று சொல்லவில்லை. திறமை இல்லாதவர் அல்ல. பயந்துபோயிருந்தார்.

அவருடைய அணியில் ஒரு வழக்கம். பிப்ரவரிக் கூட்டத்தில், நீண்ட சுவர் முழுக்கப் பையன்களின் பெயர் அட்டைகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஸ்கவுட்டும் வருஷத்துக்கு ஒரே ஒரு பெயர்மீது தன் தொப்பியை மாட்டலாம். 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று அதற்கு அர்த்தம். மாட்டினால் ஆளெடுப்பு முடியும்வரை வெறுந்தலையோடுதான் அலைய வேண்டும். (குல்லா போடுவது என்றால் நம்மிடம் வேறு பொருள் இருப்பதை நான் அவர்களுக்குச் சொன்னதில்லை.) மே மாதம் ஸ்கவுட்டுகளின் ஒப்பந்தங்கள் முடியும். புதுப்பிக்கும்போது முதலாளிகள் பார்ப்பது யாருடைய தொப்பி ஜெயித்தது என்பதைத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ப்ரோகோப் தொப்பி மாட்டிய பையன் முதல் மாதத்திலேயே விளையாட்டு வேண்டாம் என்று தேனீ வளர்க்கப் போய்விட்டான். போன வருஷத்துப் பையன் காப்பீடு விற்கிறான், ப்ரோகோப்பையும் ஒரு பாலிசி எடுக்கவைத்துவிட்டான். மூன்றாவது தொப்பியும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐம்பத்தாறு வயதில் ப்ரோகோப்புக்கு வேறெந்த வேலையும் தெரியாது. புல் வெட்டக்கூடத் தெரியாது.

கூட்டத்தில் அவர் எழுந்து போய் கில்யார்ட் பெயர்மீது தொப்பியை மாட்டினார். வெண்டெல் ட்ரூப் என்கிற இன்னொரு ஸ்கவுட், தெற்கத்தி மாநிலங்களைப் பார்ப்பவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டே கேட்டார்:

"என்ன ப்ரோகோப், இந்த வருஷமும் மண்டை வெயில்ல காயப் போகுதா?"

"காஞ்சா உனக்கு என்னய்யா?"

"எனக்கென்ன. எதிர்ல உக்காந்திருக்கேன், கண்ணு கூசுது. அந்தப் பையன் தேனீ கீனீ வளர்க்கறானான்னு விசாரிச்சியா?"

"இவன் அப்படி இல்ல. இவன் ஒருத்தன்கிட்டயே மூணு ஆளு இருக்கான்."

கதை எழுதுகிறவன் இதுபோன்ற வரியைப் பாத்திரத்தின் வாயில் வைத்தால் வாசகர் உஷாராகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் லைல் இதைத்தான் சொன்னாராம். நான் என்ன செய்ய.

4.

மார்ச்சில் கெஸ்லர் ஸ்டேட்டில் சோதனை நாள். அன்றைக்குப் பையன்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள், எடை தூக்குவார்கள். மற்ற கல்லூரிகளில் என்றால் ஸ்கவுட்டுகள் நிறுத்துகடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். மாட்டுச் சந்தைக்கும் பயன்படுகிற பெரிய தகரக் கொட்டகையில் நடந்தது. மூலையில் யாரோ இறைச்சித் துண்டுகளைப் பொரித்துக் குச்சியில் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வந்திருந்த ஒரே ஸ்கவுட் ப்ரோகோப். அது அவருக்குப் பெருமையாக இருந்தது, புதையல் இருக்கும் இடம் தனக்கு மட்டும் தெரியும் என்று.

கில்யார்ட் வந்து கைகொடுத்தான். நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்துப் பையன், மெதுவாகப் பேசினான். ப்ரோகோப் அவன் கையை விடவில்லை.

"தம்பி, அந்தப் பனி ஆட்டத்துல ஒருத்தனை மோதினியே, மூணாவது பகுதியில. நான் சாப்பிட்டுட்டு இருந்த முள்கரண்டியைக் கீழ வெச்சுட்டேன்."

"அது நான் இல்ல சார். அது ஃபெட்டு."

"இல்லப்பா, நாப்பத்து நாலு."

"ஆமா சார். அந்த வாரம் நாப்பத்து நாலு ஃபெட்டு."

ப்ரோகோப் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பை என்ன செய்வது என்று முகத்துக்குத் தெரியவில்லை.

பயிற்சியாளர் ஸ்வென்ஸ்ரூட் இறைச்சிக் குச்சியோடு வந்து சேர்ந்தார். "ஏன், உங்களுக்குத் தெரியாதா? நாப்பத்து நாலு யாருக்கும் சொந்தம் இல்லீங்க. என்கிட்ட மூணு லைன்பேக்கருங்க. அந்த வாரம் பயிற்சியில எவன் நல்லா உழைச்சானோ அவனுக்கு வெள்ளிக்கிழமை அந்தச் சட்டையைக் குடுப்பேன். கடைசி வாரம் கில்யார்டுக்குக் கிடைச்சுது, அதனால இணையத்துல அவன் பேரு இருக்கு. இது எங்க ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க நாயைக் கேட்டிருக்கலாம்," என்றார் ஸ்வென்ஸ்ரூட், அன்பாகத்தான்.

[இந்த இடத்தில் ஒரு வாசகர் கையைத் தூக்குவார். படத்தில் ஆளைப் பார்த்தால் தெரியாதா, மூன்று பேருக்கும் மூன்று நிறம், மூன்று முகம் இருக்குமே? நானும் லைலிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "குளிர். வெயில் ஆட்டத்துலயும் குளிர்தான். எல்லாரும் முழுக்கை, கையுறை, தலைக்கவசம், முகத்துக்கு முன்னாடி கறுப்புக் கண்ணாடி. முதுகுல பேரு கிடையாது. படம் எடுத்தவன் கோபுரத்து உச்சியில நின்னு நடுங்கிட்டே எடுத்திருக்கான். போதுமா?" போதும் என்றேன். ஆனால் அது முழுக்காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று ப்ரோகோப் விரும்பிவிட்டார், அதனால் ஒரே ஆளாகத் தெரிந்தான்.]

ப்ரோகோப் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தினார். கில்யார்ட். அவன் பக்கத்தில் ஃபெட்டு லேஅவாசா, பசிபிக் தீவான சமோவாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், கதவு மாதிரி அகலம். கடைசியில் கோல்ட்டன் ரீங்க், பக்கத்துப் பண்ணை வீட்டுப் பையன், எந்தக் கேள்விக்கும் முதலில் கூரையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவன்.

"வெயில் ஆட்டம். பொறுமையா நின்னது?"

கோல்ட்டன் கூரையைப் பார்த்தான். "நான்தான்னு நினைக்கிறேன்."

"அவன்தான் சார்," என்றான் ஃபெட்டு. "அவன் பொறுமையெல்லாம் இல்ல. யோசிக்கவே அவ்வளவு நேரம் ஆகும்."

"மழை ஆட்டம்?"

"அது நான்," என்றான் கில்யார்ட். "நிறைய விழுந்தேன்."

"நிறையன்னா, நாங்க எண்ணிட்டே இருந்தோம்," என்றான் ஃபெட்டு.

ப்ரோகோப் கில்யார்ட் பக்கம் திரும்பினார். கடைசி நம்பிக்கையாக ஒன்றைக் கேட்டார்: "சரி, மத்த வாரமெல்லாம் நீ எந்த நம்பர் போடுவே?"

"அம்பத்து மூணு சார்."

ப்ரோகோப்புக்குத் தன் அறிக்கை நினைவுக்கு வந்தது. ஐம்பத்து மூன்று ஒரு சுமை என்று எழுதியிருந்தார். கில்யார்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறான் என்று கில்யார்டைப் பாராட்டியிருந்தார். தொழிலில் இத்தனை வருஷம் இருந்து, ஒரு பையனை அவனோடே ஒப்பிட்டு அவனைவிட அவன் எவ்வளவோ மேல் என்று சான்றிதழ் கொடுத்த ஒரே ஸ்கவுட் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

"கடைசியா ஒண்ணு. அந்தக் கடைசி நிமிஷம். கைக்குள்ள வந்தவனை விட்டது யாரு?"

"நான்," என்றான் கில்யார்ட்.

"நான்தான் சார்," என்றான் ஃபெட்டு.

கோல்ட்டன் இந்தத் தடவை கூரையைப் பார்க்கவே இல்லை. "நான்," என்றான்.

ஸ்வென்ஸ்ரூடுக்கு உண்மை தெரியும். அவர் குச்சியிலிருந்த கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு மாட்டுத் தொழுவங்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். ப்ரோகோப்பும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு மூன்று பேரும் ஓடினார்கள், குதித்தார்கள். யாரும் ஆஹா என்று சொல்லும்படி இல்லை, யாரும் சீ என்று தள்ளும்படியும் இல்லை. ப்ரோகோப் நிறுத்துகடிகாரத்தை இரண்டு தடவை அழுத்த மறந்துபோனார். ஆனால் அன்றைக்குத்தான், எண்ணைப் பார்க்காமல், அவர்களைப் பார்த்தார்.

5. வண்டியில்

இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் ப்ரோகோப் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, சோளக்காட்டைப் பார்த்தபடி, வாழ்க்கையில் தான் யாரையாவது உண்மையாகப் பார்த்திருக்கிறோமா என்று—

லைலுக்கு அதை வேலி வழியாகப் படித்துக் காட்டினேன். "சோளம் மார்ச் மாசத்துல எங்கப்பா இருக்கு?" என்றார். அதோடு அந்தப் பத்தி போயிற்று.

ப்ரோகோப் செய்தது மனைவிக்குப் போன் போட்டதுதான். டார்லீன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். எந்தச் சத்தத்துக்கும் அசையாதவர்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"தேனீயா, காப்பீடா?"

நடந்ததைச் சொன்னார். டார்லீன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"உங்க ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. வேற எந்த அணியும் அங்க வரல. நான் வாயைத் திறக்காட்டி யாருக்கும் தெரியப்போறதில்ல. நாலாவது, அஞ்சாவது சுத்துல அவன் பேரு வரும். எடுத்தா எடுத்தாங்க. பையன் நல்லா ஆடினாலும் ஆடலாம்."

"ஆடலாம்."

"சொன்னா வேலை போயிடும் டார்லீன்."

"போகும். ஆனா நீ பொய் சொன்னா உன் காது செவந்துடும். தொப்பி இருந்தாலாவது மறைக்கலாம், அதையும் செவுத்துல மாட்டிட்டு வந்துட்ட."

6. முடிவுகள் (ஒன்றை எடுத்துக்கொள்ளவும், எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை)

முதல் முடிவு: ப்ரோகோப் வாயைத் திறக்கவில்லை. அணி கில்யார்டை எடுக்கிறது. அவன் பெரிய ஆட்டக்காரனாகிறான். ப்ரோகோப்புக்குப் பதவி உயர்வு. இது அநியாயமாகப் பலதடவை நடப்பதுதான், ஆனால் இதை எழுதினால் ஊரே என்னைக் காறித் துப்பும்.

இரண்டாவது: மூன்று பேரையும் சேர்த்து அணி எடுக்கிறது. மூவரும் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு அரங்கத்துக்குள் நடக்கிறார்கள், பின்னணியில் இசை. இது சினிமா. அணியிடம் அத்தனை வாய்ப்பும் கிடையாது.

மூன்றாவது: ப்ரோகோப் உண்மையைச் சொல்கிறார், வேலை போகிறது, நிம்மதியாகப் புல்—

"நிறுத்து," என்றார் லைல். "என் புல்லைக் கதைக்குள்ள இழுக்காத. நிஜமா என்ன ஆச்சுன்னு நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"சொன்னீங்கன்னா அதையே எழுத வேண்டியதாயிடும்."

அவருக்குக் கோபம். அதற்கப்புறம் கொஞ்ச நாள் வேலிப் பக்கம் வரவில்லை. ஆளெடுப்புக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை, ப்ரோகோப்பை எனக்குத் தெரிந்த அளவுக்கு, நானே எழுத வேண்டியதாயிற்று.

7.

ஏப்ரல் கூட்டம். மதியச் சாப்பாடு சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை இனிப்பு ரோலும். எல்லோரும் விரலை நக்கிக்கொண்டிருந்தபோது பொது மேலாளர் ஆர்லன் பீக் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அணிக்கு யாரை எடுப்பது என்று கடைசி வார்த்தை சொல்பவர் அவர்தான். குறைவாகப் பேசுபவர், பாராட்டவே மாட்டார்.

"ஒரு அறிக்கையைப் படிக்கப் போறேன்," என்றார். "எல்லாரும் கேளுங்க. அறிக்கைன்னா இப்படி எழுதணும்."

படித்தார். நடந்தே போய்ப் பந்தைச் சந்திக்கிறான். மோதும் சத்தம் காதில் விழுகிறது. எழுந்தவர்களில் முதல் ஆள். கவிதை படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். வெண்டெல் ட்ரூப்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இருபது வருஷமா நான் தேடிட்டு இருக்கிற ஆளு இவன்," என்றார் பீக். "நாலாவது சுத்துக்கு எல்லாம் விட முடியாது. ரெண்டாவது சுத்துலயே எடுத்துடப் போறேன்."

ப்ரோகோப்பின் காதுகள் சிவந்தன.

ஐந்தாவது சுற்றில் வரும் பையன் தோற்றால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இரண்டாவது சுற்றில் எடுத்த பையன் தோற்றால் அது அவனைச் சாகும்வரை விடாது. பேப்பரில் வரும், ரேடியோவில் கூப்பிட்டுத் திட்டுவார்கள், பெட்ரோல் போடப் போனால் எவனாவது கேட்பான். இல்லாத ஒருவனைப்போல ஏன் ஆடவில்லை என்று மெதுவாகப் பேசுகிற ஒரு ஒமாஹா பையனை இந்த மாநிலமே கேட்கும். ப்ரோகோப்புக்கு வேலை வேண்டும். ரொம்ப வேண்டும். ஆனால் அந்தப் பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்த அவரால் முடியவில்லை.

"கொஞ்சம் இருங்க," என்றார். "அந்த ஆளு இல்ல."

"இல்லைன்னா? வேற அணி பேசிட்டாங்களா?"

"இல்ல சார். அப்படி ஒரு ஆளே இல்ல. மூணு பேரு."

எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமைச் சட்டை, கோபுரத்துக் கேமரா, ஐம்பத்து மூன்று. ஐம்பத்து மூன்று வந்த இடத்தில் வெண்டெல் மேசைமீது தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். ரோலில் இருந்த சர்க்கரை அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அறையே சிரித்தது. பீக் சிரிக்கவில்லை.

"உனக்கு யாரு சொன்னது?"

"கில்யார்டே சொன்னான். நான் பாராட்டிட்டு இருக்கும்போது, அது நான் இல்லைன்னு."

"நீ ஸ்கவுட்டுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நம்ம அணிச் சட்டைதான் போட்டிருந்தேன்."

"அப்போ அவன் மடையனா, யோக்கியனா?" என்றார் வெண்டெல், தலையைத் தூக்காமலே.

"லைன்பேக்கர் ரெண்டாவும் இருக்கலாம்," என்றார் பீக். "அந்தக் கடைசி நிமிஷத்துல விட்டவன் யாரு?"

"மூணு பேரும் நான்தான்னு சொன்னாங்க."

"மூணு பேரும் பொய் சொல்றானுங்க," என்றார் வெண்டெல்.

"ரெண்டு பேருதான்," என்றார் ப்ரோகோப்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பீக் அந்த அறிக்கையை நான்காக மடித்து, சில்லிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தார். ப்ரோகோப் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்வார்கள் என்றோ, வெளியே போகச் சொல்வார்கள் என்றோ எதிர்பார்த்தார்.

"உன் வேலையைப் பத்தி மே மாசம் பேசிக்கலாம்," என்றார் பீக். "அந்த மூணு பேரையும் இங்க உன்னைத் தவிர எவனும் நேர்ல பார்க்கல. படத்தை மறந்துடு. நம்பரை மறந்துடு. நீ எழுதினதையும் மறந்துடு. அன்னிக்கு அந்தக் கொட்டகையில உன் கண்ணால பார்த்தியே, அதுல நமக்கு யாரு?"

8.

இந்த இடத்தில் ப்ரோகோப் தயங்குவார் என்று எழுதினேன். தயங்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. மண்ணாங்கட்டிக் கடிகாரம் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்பதே ரொம்ப நாளைக்குப் பிறகு அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பயம் போய்விடவில்லை. பயத்தோடேதான் வாயைத் திறந்தார்.

அவர் சொன்ன பெயர் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால், அந்தப் பையன் பிற்பாடு என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவன் ஜெயித்திருந்தால் ப்ரோகோப் ஞானி, தோற்றிருந்தால் முட்டாள் என்று முடிவுகட்டிவிட்டு விளக்கை அணைத்துவிடுவீர்கள். அந்த அறையில் நின்ற மனிதருக்கு அந்த வசதி இல்லை.

அவர் பார்த்ததைத்தான் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அதைவிடக் கூடுதலாக நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. கூரையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவன், கதவு மாதிரி அகலமானவன், நிறைய விழுந்தவன். எல்லோரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெண்டெல் நெற்றியிலிருந்து சர்க்கரையைத் துடைத்துக்கொண்டுவிட்டார்.

ப்ரோகோப் சொன்னார்: "........................."

புள்ளிக்கோட்டின்மேல் பெயரை எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். அவருக்கு அழிக்க யாரும் ரப்பர் கொடுக்கவில்லை.